கழுத்துப் பருவும் லோரோங் கூலிட் ரேசரும்

எங்கள் தொழிற்சாலையில் நான் தாடி வைக்க முடியாது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில், அமிலத் தொட்டிகள் இருக்கும் பகுதியில் எனக்கு வேலை. உள்ளே போகும்போது ரப்பர் விளிம்பு வைத்த அரை முகக் கவசம் போடணும். இரண்டு நாள் முள்தாடி இருந்தாலே ரப்பர் தோலோடு ஒட்டாது, காற்று கசியும். வருடத்துக்கு ஒருமுறை கவசத்தைப் போடச் சொல்லி, தலைக்கு மேல் ஒரு உறையை மாட்டி, அதற்குள் கசப்பான திரவத்தைத் தெளித்துப் பார்ப்பார்கள். நாக்கில் கசப்பு தெரிந்தால் கவசம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதனால் தினமும் சவரம். பதினொரு வருடமாக.

என் முடி சுருட்டை. தலையில் அது அழகு என்று அம்மா சொல்வார். தாடைக்குக் கீழே அது வேறு கதை. சவரம் செய்த இரண்டாம் நாள் கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பும். சிலது சீழ் கட்டும், சிலது கருப்புப் புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கும். அக்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து கடற்பாலம் ஏறி மோட்டாரில் வருகிறவன் நான். ஹெல்மெட் வார் அந்தப் பருக்களின் மேல்தான் உட்காரும். பினாங்கு வெயிலில் வியர்வையும் சேர்ந்தால், சிக்னலில் நிற்கும்போது வாரைக் கழற்றிவிட்டுச் சொறியத் தோன்றும். சொறிந்தும் இருக்கிறேன், பொய் சொல்வானேன்.

போன தீபாவளிக்கு முன்பு ஒன்று பெரிதாக வீங்கிவிட, அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), காத்திருந்தது மூன்று மணி நேரம். டாக்டர் தமிழ்ப் பெண். கழுத்தைப் பார்த்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் போட்டார். தோலுக்கு ஒரு கோடு, அதிலிருந்து வெளியே வந்து வளைந்து மறுபடி அதே கோட்டைக் குத்தும் ஒரு முடி. பக்கத்தில் இன்னொன்று: வெளியே வராமலேயே, குழிக்குள் இருந்தபடி பக்கவாட்டில் சுவரைத் துளைக்கும் முடி. "ரெண்டுமே ஒங்களுக்கு இருக்கு. இது பரு இல்ல. ஒங்க முடியே ஒங்களக் குத்துது. ஒடம்பு அத வெளியாள்னு நெனச்சுச் சண்ட போடுது" என்றார். மருத்துவப் பெயரையும் சொன்னார்: சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. நான் அதை வீட்டில் 'சவரப் பரு' என்றே சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே வந்து குத்துவதற்குக் காரணம் சுருட்டை. அதை மாற்ற முடியாது. உள்ளேயே குத்துவதற்குக் காரணம், முடி தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படுவது. அது நம் கையில் இருக்கிறது. நான் வைத்திருந்தது ஐந்து பிளேடு தலை. அந்த வகை ரேசரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டும். பிறகு முடி தோலுக்குள் பதுங்கிவிடும். தடவினால் வழவழ என்று இருக்கிறதே, அதன் ரகசியம் இதுதான். இரட்டை பிளேடு ரேசர் 1971-இல் சந்தைக்கு வந்தது, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. நேர்முடிக்காரர்களுக்கு அது வரம். வெட்டிய முனை சாய்வாக, ஈட்டி மாதிரி கூராக இருக்கும் என்பதால், சுருட்டைக்காரனுக்கு அந்த ஈட்டி தோலுக்குள்ளேயே கிளம்புகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல பிளேடுதான் குற்றவாளி என்று மருத்துவ உலகம் ஒரே குரலில் சொல்லவில்லை. நன்றாக ஊறவைத்து, அழுத்தாமல் செய்தால் பல பிளேடு ரேசராலும் மோசமாகவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. என் கழுத்தில் நடந்ததை மட்டும்தான் நான் எழுதுகிறேன்.

டாக்டர் கேட்டது ஒரு மாதம் சவரமே வேண்டாம் என்று. தீபாவளி விடுப்போடு பாக்கி லீவையும் சேர்த்து இரண்டு வாரம் தேற்றினேன். மீதி இரண்டு வாரம் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஸ்டோரில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடி முன் நின்று பருவை எண்ணி நாட்காட்டியில் குறித்தேன். ஆரம்பக் கணக்கு 23. முதல் வாரம் 31 ஆனது, மனசே விட்டுப் போச்சு. அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். மாட்டிய முடிகள் வளர வளர முதலில் இன்னும் குத்தும், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டதும் வில் மாதிரி தானாக நிமிர்ந்து வெளியே வந்துவிடும். நாலாம் வாரம் கணக்கு 6.

அந்த லீவில்தான் ஒற்றை பிளேடு ரேசர் கிடைத்தது. லோரோங் கூலிட் காலைச் சந்தை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பழைய கடிகாரம், ஸ்பேனர், யாரோ வீட்டு வெண்கலக் குத்துவிளக்கு, ஒற்றைச் செருப்பு. தார்ப்பாயில் விரித்திருந்த ஒரு பாச்சிக்கிடம் (மலாய்ப் பெரியவர்), துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே கிடந்தது. ஜில்லெட், 'மேட் இன் இங்கிலாந்து'. கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலையின் இரண்டு கதவுகளும் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி விரியும் வகை. இது விரியவில்லை. குமிழ் அசையவே இல்லை. முப்பது வெள்ளி கேட்டார். "ரோசாக் நி, பாச்சிக்" (இது பழுது, ஐயா) என்றேன், இருபதுக்கு இறங்கினார். புதிதாக ஒரு மூன்று துண்டு ரேசர் ஆன்லைனில் அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கிடைக்கும். நோண்டப் பிடிக்காதவர்கள் அதையே வாங்குங்கள். எனக்கு நோண்டணும்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், கதவுகளின் கீல் முழுக்க சாம்பல் நிறத்தில் காய்ந்த சோப்பு. சிமெண்ட் பூசியது மாதிரி. முலாம் தேய்ந்த இரண்டு இடத்தில் பித்தளை தெரிந்து பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்டா, பளிச்சுன்னு வந்துரும்" என்றார். குத்துவிளக்குக்குச் சரி. ஆனால் இதன் மேல் இருப்பது மெல்லிய நிக்கல் முலாம், புளியின் அமிலத்தில் ஊறினால் அதுவும் போய்விடும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், குளோரின் ப்ளீச்சும் வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு பழைய டூத்பிரஷ். அரை மணி ஊறல், அஞ்சு நிமிடம் தேய்ப்பு, தண்ணீர் மாற்று. நாலு முறை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. யாருடைய தாடியோ, எந்தக் காலத்து அழுக்கோ.

அப்போதும் திறக்கவில்லை. இடுக்கி போட்டுத் திருகலாமா என்று கை துடித்தது. குமிழில் பல் தடம் விழுந்தால் போச்சு, உள்ளே இருக்கும் தண்டும் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதில் குமிழுக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இரண்டு சொட்டு பேபி ஆயில் விட்டு, தலைகீழாக ஒரு கோப்பையில் நிறுத்தி வைத்துத் தூங்கப் போனேன். காலையில் ஒரு துணியைச் சுற்றித் திருகினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கால் சுற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கதவும் எழும்பின, உள்ளே இன்னும் ஒரு சுண்டைக்காய் அளவு சோப்பு! பல்குத்தியால் அதைக் கிளறி எடுத்தேன்.

கழுவி உலர்த்தி, 70 சதவீத ஆல்கஹாலில் அரை மணி போட்டு வைத்தேன். இன்னொருவர் ரேசர், ரத்தம் பட்டிருக்கக்கூடிய சாமான். இதில் சோம்பல் கூடாது. அழுக்குப் போகத் தேய்த்த பிறகுதான் ஆல்கஹால், அழுக்கின் மேலேயே ஊற்றினால் பயனில்லை.

பிளேடு போட்டுப் பார்க்கும்போது ஒரு குறை தெரிந்தது. கதவுகளை மூடி முன்பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் பிளேடு விளிம்பு கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. கதவு வளைந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, வலப்பக்கக் கீலின் பள்ளத்தில் ஒட்டியிருந்த மிச்ச சோப்பு கதவை முழுசாகப் படியவிடவில்லை. அதையும் சுரண்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவு. பழைய ரேசர் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கோணலாக உட்கார்ந்த பிளேடு ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் பிய்க்கும். பிளேடை நீளப் பக்கத்தில் பிடிக்காமல் இரு முனைகளின் குட்டைப் பக்கத்தில் பிடிக்கணும் என்பதையும் நான் விரலில் ஒரு கோடு விழுந்த பிறகுதான் கற்றேன்.

முதல் வாரச் சவரம் தோல்வி. ஐந்து பிளேடு தலையில் பழகிய கை அழுத்தும். அதன் கழுத்து வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. மோவாயில் இரண்டு வெட்டு, கழுத்தெல்லாம் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை கணக்கு 14. இருபது வெள்ளியைக் குப்பையில் போட்டோம் என்றே நினைத்தேன்.

திருப்பம் வந்தது முடிவெட்டும் கடையில். எனக்கு வெட்டும் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பதினைந்து வருடமாக இங்கே. இரண்டு பக்கம் கூருள்ள பிளேடைத் தாளோடு சேர்த்து நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் சொருகுவார். என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க ரிவர்ஸ் போடுறீங்களா?" என்றார். ஆமாம், கீழிருந்து மேலாகத்தான் இழுப்பேன். "ஒங்களுக்கு எது மேல, எது கீழன்னு முதல்ல பாருங்க. இடப்பக்கம் ஒங்களுக்குச் சுழி இருக்கு. அங்க முடி மேல பாத்துல்ல வளருது." அவர் விரலால் காட்டிய இடத்தில் நானும் தடவினேன். காதிலிருந்து தொண்டைமணி வரை தாடையோரம் முடி கீழ்நோக்கி. அதற்குக் கீழே இடப்பக்கம் ஒரு சுழி. அதற்கும் கீழே முடி மேல்நோக்கி. இத்தனை வருடமும் கழுத்து முழுக்க ஒரே திசையில் உழுதிருக்கிறேன்.

இரண்டு நாள் வளர்ந்த தாடியோடு குளியலறை விளக்கில் நின்று, நாலு திசையிலும் விரலால் தடவி, வழுக்குகிற திசைக்கு ஒரு அம்பு என்று தாளில் வரைந்தேன். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்ணாடியோரம் ஒட்டினேன். என் மனைவி அதைப் பார்த்து, "என்ன, பாலத்து டிராஃபிக் மேப்பா?" என்றாள். கேலி இருக்கட்டும், எல்லாம் மாறியது அந்தத் தாளிலிருந்துதான்.

இப்போது செய்வது இது. குளித்து முடித்த உடனே சவரம், முன்னால் இல்லை. முடி தண்ணீர் குடித்து மெதுவாக வேண்டும். சவர சோப்பைப் பிரஷால் வட்டமாகக் குழைக்கிறேன், ஒரு நிமிடம் கூடுதலாக. அந்தச் சுற்றலே படுத்த முடியைத் தூக்கிவிடும். நுரை தயிர் மாதிரி இருக்கணும், காற்று நுரை உதவாது. ரேசர் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்தினால் ஓர் இடத்தில் கரகர என்று சத்தம் தொடங்கும். அதுதான் கோணம், ஏறக்குறைய 30 பாகை. அதில் நிறுத்தி ரேசரின் கனமே வேலை செய்யட்டும் என்று விடுவேன். கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்கிறேன், முழுக் கையால் பிடித்தால் என்னால் அழுத்தாமல் இருக்க முடிவதில்லை. அம்பு காட்டும் திசையில், ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத சின்னச் சின்ன இழுப்பு. தோலை மறுகையால் இழுத்துப் பிடிப்பதில்லை. இழுத்துப் பிடித்து வெட்டினால் விட்டதும் முடி உள்ளே போய்விடும், ஐந்து பிளேடு செய்த அதே வேலையை நாமே செய்தது போலாகும். ஒரே ஒரு சுற்று. கவசத்தின் ரப்பர் படும் இடத்தில் மட்டும் திரும்ப நுரை போட்டு, குறுக்கே ஒரு தடவை.

அப்படிச் செய்தால் தடவும்போது லேசாகச் சொரசொரக்கும். எனக்கு இது பெரிய மனத்தடை. சவரம் என்றால் பலூன் மாதிரி இருக்கணும் என்று அப்பா காலத்திலிருந்து ஊறியது. ஆனால் வாங்கிய ரேசரைவிட அந்தச் சொரசொரப்பை ஒத்துக்கொண்டதுதான் என் கழுத்துக்கு அதிகம் உதவியது என்று இப்போது நினைக்கிறேன். ஒற்றை பிளேடு தோல் மட்டத்திலேயே நின்றுவிடுவதால் அந்த ஒத்துக்கொள்ளலைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான். கவசக் கசிவுச் சோதனையில் இந்தச் சொரசொரப்போடு போனேன். கசப்பு தெரியவில்லை.

கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரக் கல். லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சாதாரணக் கல்தான். ஈரத் தோலில் தேய்த்தால் எங்கே எரிகிறதோ அங்கே அன்றைக்கு அழுத்தியிருக்கிறேன். எனக்கு அதுதான் வாத்தியார். முதல் மாதம் தொண்டைமணிக்குக் கீழே தவறாமல் எரியும். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, வாசனை இல்லாத ஈரப்பசை கிரீம். இரவில், ஒன்றுவிட்ட நாள், ஃபார்மசியில் வாங்கிய 2 சதவீத சாலிசிலிக் அமிலம். மூடிய தோலை அது மெல்ல உரிக்கும். தினமும் போட்டுத் தோல் செதில் செதிலாக உரிந்ததும் ஒரு அனுபவம், அதனால்தான் ஒன்றுவிட்ட நாள்.

மாட்டிய முடியை எடுப்பது பற்றி. ஒரு ஞாயிறு காலை, தாடைக்குக் கீழே ஒரு மேட்டின் மேல், கைப்பேசி விளக்கில், மயிரிழை வளையம் ஒன்று தெரிந்தது. இரண்டு முனையும் தோலுக்குள், நடு மட்டும் வெளியே, பாலம் மாதிரி. ஐந்து நிமிடம் வெந்நீர்த் துணி ஒற்றினேன். ஆல்கஹால் துடைத்த ஊசியை அந்தப் பாலத்துக்கு அடியில் படுக்கவாட்டில் விட்டு, குத்தாமல், நெம்பினேன். ஒரு முனை துள்ளி எழுந்தது. சுருள் ஸ்பிரிங் ஒன்றைக் கைவிட்டது போல, கிட்டத்தட்ட அரை அங்குலம்! பிடுங்கத்தான் ஆசை வந்தது. பிடுங்கினால் அடுத்த முடி உள்ளிருந்தே கூர்முனையோடு கிளம்பும், மறுபடி மாட்டும். எழுப்பி விட்டதோடு நிறுத்தணும். கண்ணுக்குத் தெரியாத முடியைத் தோண்டித் தேடவும் கூடாது. சீழ் பரவினாலோ, தழும்பு தடித்து வளர்ந்தாலோ அது டாக்டர் வேலை.

பிளேடுகளில் ஜப்பானின் ஃபெதர் எனக்கு ஒத்துவரவில்லை. மிகக் கூர்மை, என் கைக்கு மன்னிப்பே கொடுக்காது. துருக்கியின் டெர்பி மென்மைதான், ஆனால் என் முடிக்கு இழுத்தது. நடுவில் அஸ்ட்ராவில் நிலைத்துவிட்டேன். ஒரு பிளேடு மூன்று சவரம், நாலாவதில் இழுப்பு தெரியும். பிளேடைத் துடைப்பதில்லை, உதறி, ரேசரைக் குளியலறைக்கு வெளியே வைக்கிறேன். நம்மூர் ஈரத்தில் குளியலறையில் எதுவும் காயாது. பழைய பிளேடுகளுக்கு ஒரு பால் டின். திறக்காமல் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுப் பாலை வடித்து, மேலே ஒரு கீறல் வெட்டிய டின். குப்பை அள்ளுகிறவர் கையில் பிளேடு கிழிக்கக்கூடாது.

எட்டாம் வாரம் கணக்கு 4. தலைக்கனம் வந்தது. சித்தப்பா மகள் கல்யாணம், சுங்கைப் பட்டாணியில். படத்தில் நன்றாகத் தெரியணுமே என்று முந்தைய இரவு அம்புகளுக்கு எதிராக ஒரு சுற்று போட்டேன். காலையில் முகம் மார்பிள் மாதிரி. அத்தைமார் கன்னத்தைக் கிள்ளினார்கள். மூன்றாம் நாள் தொடங்கியது. அந்த ஞாயிறு 17. கல்யாண ஆல்பத்தில் நான் மட்டும்தான் பளிச்சென்று இருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து அரிக்கிறது.

பிறகு ஐந்து வாரம் தாளைப் பார்த்தே செய்தேன். இன்று காலைக் கணக்கு: வலப்பக்கம் ஒன்றுமில்லை, இடப்பக்கச் சுழியில் இரண்டு. கருப்புப் புள்ளிகள் பாதி மங்கியிருக்கின்றன, மீதிக்கு இன்னும் மாதங்கள் ஆகும். ஹெல்மெட் வாருக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணி உறை தைத்துக் கொடுத்தாள் மனைவி, வாரம் இரண்டு முறை துவைக்கிறேன்.

அலமாரியில் ஐந்து பிளேடு தலைகள் இரண்டு பிரிக்காத பாக்கெட்டில் கிடந்தன. மைத்துனன் வந்தபோது எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். அவன் முடி நேர்முடி. கொடுத்துவிட்டேன்.